டிவியோடு வாதாடுவது நோயா?

கேள்வி:

எனக்கு வயது 66. கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றேன். கணவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. மகன், மருமகள், பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரனோடு இருக்கிறேன். எனக்கு சீரியல் பிடிக்காது. கேள்வி பதில் போட்டிகள், ‘நீயா நானா’ போன்ற விவாதங்கள், பண்டிகை நாள் பட்டிமன்றம் என்றால் உயிர். பழைய எபிசோடுகளையும் பேரன் தேடி எடுத்துப் போட்டுக் கொடுப்பான். சரத்குமார் ‘கோடீஸ்வரன்’ நடத்திய காலத்தில் நானும் என் கணவரும் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொல்வோம். தோற்றவர் இரவுப் பாத்திரம் கழுவ வேண்டும்.

இப்போதும் வாய்விட்டுத்தான் பதில் சொல்கிறேன். தவறாகச் சொல்பவரை அதட்டுகிறேன். விவாதத்தில் யாராவது பெற்றோரைக் குறை சொன்னால் எழுந்து நின்றே பதில் கொடுத்துவிடுகிறேன். போன மாதம் மகன், “யாரிடம் அம்மா பேசிக்கொண்டிருக்கிறாய்? இது மனநோயின் ஆரம்பம். அங்கே எல்லாமே எழுதிக் கொடுத்து நடிக்க வைப்பது. அதற்கா இவ்வளவு சத்தம்?” என்றான். அன்றிலிருந்து ஒலியைக் குறைத்து, வாயை மூடிக்கொண்டு பார்க்கிறேன். ருசியே இல்லை. ஒலி குறைந்தால் ஆண்கள் பேசுவது ஓரளவு புரிகிறது, பெண்கள் பேசுவது கலங்கலாகக் கேட்கிறது.

பதில் தெரிந்தும் பெயர் வாயில் வராமல் தவிக்கிறேன். நான்கு விடைகளும் திரையில் வந்ததும் பளிச்சென்று தெரிகிறது. இது மறதி நோயா? அமிதாப் பச்சன் படத்தோடு, எனக்கு 25 லட்சம் ரூபாய் பரிசு விழுந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் வந்திருக்கிறது. மகனிடம் சொல்லப் பயமாக இருக்கிறது.

- வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள அம்மா,

கடைசியாக எழுதியிருக்கும் வாட்ஸ்அப் செய்தியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவை காத்திருக்கலாம், இது காத்திருக்காது. அந்த எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், வங்கி விவரம் எதையும் சொல்லாதீர்கள். ‘கோன் பனேகா குரோர்பதி’யின் பெயரையும் அமிதாப் பச்சனின் படத்தையும் வைத்து நாடு முழுவதும் பல வருடங்களாக நடந்துவரும் மோசடி இது. பெரும்பாலும் அதே 25 லட்சம்தான். பல சமயம் +92 என்று தொடங்கும் வெளிநாட்டு எண்ணிலிருந்து வரும். முதலில் ‘செயலாக்கக் கட்டணம்’ என்பார்கள், பிறகு வரி என்பார்கள், பிறகு இன்னொன்று.

நீங்கள் கணக்கராக இருந்தவர், ஒரு விஷயம் சொன்னால் உடனே விளங்கிவிடும். போட்டியில் வென்ற பரிசுப் பணத்துக்கு 30 சதவீதம் வரி உண்டு. பெரிய பரிசு என்றால், அதை நிகழ்ச்சி நடத்துபவர்களே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார்கள். வென்றவரிடம் ‘முதலில் நீங்கள் வரி கட்டுங்கள், பிறகு பரிசு தருகிறோம்’ என்று யார் கேட்டாலும் அவர் திருடர். ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை மடக்கிப் பிடிக்க அவ்வளவு வாய்ப்பு. மகனிடமும் சொல்லிவிடுங்கள். இந்த வலையில் படித்த இளைஞர்களும் விழுகிறார்கள். நீங்கள் அதைச் சந்தேகப்பட்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்பட வேண்டியது எதுவும் இதில் இல்லை.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி. டிவியில் வரும் கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்வது மனநோய் அல்ல, அதன் ஆரம்பமும் அல்ல. மனநல ஆலோசகராக இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன்.

அந்த நிகழ்ச்சிகள் கட்டப்பட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். பிரிட்டனில் 1998-இல் தொடங்கிய போட்டியின் வார்ப்புதான் 2000-இல் அமிதாப் பச்சன் நடத்தியதும், தமிழில் சரத்குமார் நடத்தியதும், பிறகு 2012-இல் சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யும். கேள்வி முழுவதும் எழுத்தில் வருகிறது. நான்கு விடைகளும் அப்படியே திரையில் நிற்கின்றன. போட்டியாளர் நெற்றியைத் தடவுகிறார், தண்ணீர் குடிக்கிறார், லைஃப்லைன் கேட்கலாமா என்று யோசிக்கிறார். விளக்குகள் மங்கி, இதயத் துடிப்புப் போல இசை ஒலிக்கிறது. இவ்வளவு நேரமும் யாருக்காக? எதிரே அமர்ந்திருப்பவருக்கு மட்டுமல்ல. வீட்டில் இருக்கும் நீங்கள் பதில் சொல்லி முடிக்க வேண்டும் என்றுதான் அந்த இடைவெளியை விட்டிருக்கிறார்கள். தொகுப்பாளர் கேமராவைப் பார்த்துப் பேசும்போது உங்கள் கண்ணைப் பார்த்துத்தான் பேசுகிறார். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். நேரில் பேசுவதுபோல் திரையில் ஒருவர் பேசும்போது, பார்ப்பவரும் பதில் பேசுபவராக மாறிவிடுகிறார் என்பது அவர்கள் கவனித்தது. தொலைக்காட்சி எவ்வளவு பழையதோ, ஏறத்தாழ அவ்வளவு பழையது உங்கள் ‘நோய்’.

கிரிக்கெட் பார்ப்பவர் “ஓடு, ஓடு” என்று கத்தும்போது அவரை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போவதில்லை. திரையைத் தாண்டித் தன் குரல் போகாது என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நான் எப்போது கவலைப்படுவேன் என்றும் சொல்லிவிடுகிறேன். தொகுப்பாளர் தன்னைக் குறிவைத்துத்தான் பேசுகிறார், தனக்கு மட்டும் ரகசியச் செய்தி அனுப்புகிறார் என்று ஒருவர் நம்பினால், டிவியை அணைத்த பிறகும் அந்தக் குரல் கேட்டால், உடனே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அதன் நிழல்கூட இல்லை. கண் முன்னால் நடப்பதற்குக் கோபப்பட்டு, சிரித்து, பதில் சொல்கிற மனம் விழித்திருக்கும் மனம். அப்படிப் பேசிக்கொண்டிருந்தவர் ஒருநாள் எதிலும் பட்டுக்கொள்ளாமல் திரையை வெறித்துப் பார்க்கத் தொடங்கினால்தான் நான் பயப்படுவேன். போன மாதத்திலிருந்து நீங்கள் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எல்லாமே எழுதிக் கொடுத்து நடிப்பது என்கிறார் மகன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் 1950-களில் ‘ட்வென்ட்டி ஒன்’ என்ற வினாடி வினாவில் வேண்டிய போட்டியாளருக்கு விடைகளை முன்பே சொல்லிக் கொடுத்தார்கள். அது வெளியே வந்து நாடே கொதித்தது. வென்றவர் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். 1960-இல் அப்படிச் செய்வதைக் குற்றமாக்கும் சட்டமே வந்தது. ஏமாற்றப்பட்டோம் என்று மக்கள் கொதித்ததற்குக் காரணம், அவர்களும் உங்களைப் போல வீட்டில் உட்கார்ந்து நேர்மையாகப் போட்டியிட்டதுதான். விவாத நிகழ்ச்சிகள் வேறு வகை. பல மணி நேரம் பேசியதை வெட்டிச் சுருக்கித்தான் நமக்குக் காட்டுகிறார்கள். யார் அழுதார், யார் சீறினார் என்பதற்குத் தொகுப்பில் முன்னுரிமை கிடைக்கும். ஆகவே ஒருவர் அங்கே சொன்ன இரண்டு வரியை வைத்து அவரை முழுதாக எடைபோடாதீர்கள். அந்த ஒரு எச்சரிக்கை போதும். கேட்ட கேள்வி உண்மையானதாக இருந்தால், அதற்கு உங்கள் மனதில் எழும் பதிலும் உண்மையானதுதான்.

பெயர் வாயில் வராமல் தவிப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதை நிதானமாக விளக்க வேண்டும், ஏனென்றால் 60 தாண்டிய பலரும் இந்தப் பயத்தோடு என்னிடம் வருகிறார்கள். நினைவிலிருந்து ஒன்றைத் தானாக எடுப்பது ஒரு வேலை. எதிரே வைத்த நான்கில் சரியானதை அடையாளம் காண்பது வேறு வேலை. வயதாகும்போது முதல் வேலை மெதுவாகிறது. அதிலும் ஆட்களின் பெயர், ஊரின் பெயர் போன்ற தனிப் பெயர்கள்தான் அதிகம் சிக்கிக்கொள்ளும். இரண்டாவது வேலை அவ்வளவாகக் குறைவதில்லை. விடைகள் வந்ததும் உங்களுக்குப் பளிச்சென்று தெரிகிறது என்றால், நினைவு அழியவில்லை, அதற்குப் போகும் வழிதான் கொஞ்சம் நெரிசலாகியிருக்கிறது என்று பொருள். பொது அறிவும் சொல்வளமும் முதுமையிலும் நன்றாகவே தங்கும். குறைவது வேகம். விரைவாக விரலை அழுத்த வேண்டிய சுற்றில் பேரன் உங்களை வெல்வான். வரலாற்றிலும் பழைய திரைப்படங்களிலும் அவனை நீங்கள் உட்கார வைப்பீர்கள்.

மறதி நோயின் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். நேற்று பார்த்த நிகழ்ச்சியின் ஒரு பெயர் மறப்பது சாதாரணம். நேற்று நிகழ்ச்சி பார்த்ததே நினைவில்லை என்றால் கவனிக்க வேண்டும். ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்பக் கேட்பது, தினமும் போகும் தெருவில் வழி தடுமாறுவது, இத்தனை வருடம் கணக்கு எழுதிய நீங்கள் வீட்டுக் கணக்கில் குழம்புவது, இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் அடுத்த முறை ரத்தப் பரிசோதனை செய்யும்போது தைராய்டும் வைட்டமின் பி12-ம் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இவை குறைந்தாலும் ஞாபகம் மந்தமாகும், சிகிச்சையில் சரியாகிவிடும். இதற்காக ‘வினாடி வினா பார்த்தால் மறதி நோய் வராது’ என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். அப்படி உறுதி தர ஆதாரம் இல்லை. உங்களுக்குப் பிடித்திருக்கிறது, அதனால் பார்க்கிறீர்கள். அந்தக் காரணம் போதும், அதற்கு மருந்துச் சீட்டு தேவையில்லை.

அம்மா, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இவை எதுவும் அல்ல. இரண்டு இடங்கள்.

ஒன்று, அந்த இரவுப் பாத்திரம். கணவரைப் பற்றி வேறு எதுவும் எழுதாமல் அதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நிகழ்ச்சி உங்களுக்குப் பிடித்திருந்தது உண்மைதான். ஆனால் அதில் பாதி, பக்கத்தில் உட்கார்ந்து தவறான பதிலை அடித்துச் சொல்லி, தோற்றும் ஒத்துக்கொள்ளாமல் வாதாடிய ஒருவர். அவர் போன பிறகும் நீங்கள் தனியாக இருவர் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். சத்தமாகப் பதில் சொல்வதில் அவருக்குச் சொல்வதும் கலந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி இருந்தால் அதில் தவறில்லை. மூன்று வருடம் என்பது துக்கத்துக்கு நீண்ட காலமும் அல்ல.

ஆனால் எதிரே ஆடுவதற்கு ஒருவர் வேண்டும். உங்கள் வீட்டில் அதற்கு ஆள் இருக்கிறான். எபிசோடு தேடி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகும் பேரனை அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்காரச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு, படிப்பு இருக்கிறது என்பார்கள். அரை மணி நேரம் போதும். பரீட்சைக்குப் படிப்பவனுக்கு, பதிலை யோசித்து வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் நல்ல பயிற்சி. படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னையே கேள்வி கேட்பது அதிக நாள் நினைவில் நிற்கிறது என்பது கல்வி உளவியலில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். மதிப்பெண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். பந்தயம் என்னவென்று நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள், பாத்திரமாகவே இருக்கட்டும்.

இரண்டாவது இடம்தான் இன்னும் முக்கியம். எல்லா விவாதத்துக்கும் நீங்கள் எழுந்து நிற்பதில்லை. ‘பெற்றோரைக் குறை சொன்னால்’ எழுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘நீயா நானா’ 2006 முதல் நடக்கிறது. ஒரு பக்கம் பெற்றோர், மறுபக்கம் பிள்ளைகள் வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்திருக்க, நடுவில் கோபிநாத் நின்று இருபுறமும் கேள்வி கேட்பதை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட ஒரு நாளில், “எங்கள் அம்மா தேவையில்லாமல் எல்லாவற்றிலும் தலையிடுவார்” என்று ஒரு பையன் சொன்னால், நம் வீட்டிலும் யாரோ அதைச் சொன்னதுபோல் இருக்கும். விசு நடத்திய ‘அரட்டை அரங்கம்’ காலத்திலிருந்தே தமிழ் வீடுகளில் இந்த நிகழ்ச்சிகள் ஒட்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வீட்டில் நேருக்கு நேர் பேச முடியாததை அங்கே ஒரு அந்நியர் பேசிவிடுகிறார். நாமும் அந்த அந்நியருக்குப் பதில் சொல்லிவிடுகிறோம். வீட்டில் இருப்பவரிடம் மட்டும் சொல்வதில்லை.

அடுத்த முறை அப்படி எழுந்து நின்று பேசினால், உட்கார்ந்ததும் நீங்கள் சொன்னதை ஒரு தாளில் எழுதுங்கள். திருத்தாமல், சொன்னபடியே. பிறகு வாசித்துப் பாருங்கள். அதில் எந்த வரி அந்தப் பையனுக்கானது, எந்த வரி உங்கள் மகனுக்கானது என்று உங்களுக்கே தெரியும். மகனுக்கான வரிகளில் ஒன்றே ஒன்றை எடுத்து, குரலை உயர்த்தாமல், அவர் சாப்பிட்டு முடித்து ஓய்வாக இருக்கும் நேரத்தில் சொல்லுங்கள். குற்றச்சாட்டாக வேண்டாம். “நீ அன்றைக்கு மனநோய் என்று சொன்னது எனக்கு வலித்தது. அதற்குப் பிறகு டிவி பார்ப்பதே பிடிக்கவில்லை” என்ற அளவுக்குப் போதும். அவர் அந்தச் சொல்லை யோசித்துச் சொல்லியிருக்க மாட்டார். வேலை முடிந்து அலுப்போடு வருபவருக்குச் சத்தம் எரிச்சல் தந்திருக்கும். அம்மா தனியாகப் பேசுவதைப் பார்த்து உள்ளுக்குள் பயந்தும் இருப்பார். பயத்தைக் கோபமாகக் காட்டுவது நம் ஆண்களிடம் நான் அன்றாடம் பார்ப்பது. இந்தப் பதிலையும் அவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

இங்கே ஒரு வேண்டுகோள். பேச்சு நிகழ்ச்சி எல்லாம் ஒரே ரகம் அல்ல. ஏழைக் குடும்பங்களின் சண்டையைக் கேமரா முன் கொண்டுவந்து, அழவைத்து, திட்டித் தீர்ப்புச் சொல்லும் நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. பிரிட்டனில் பல வருடம் ஓடிய ‘ஜெரமி கைல் ஷோ’வை, அதில் கலந்துகொண்ட ஒருவர் சில நாட்களில் இறந்துபோனதை அடுத்து 2019-இல் நிறுத்தினார்கள். பார்த்து முடித்ததும் பேசத் தோன்றுகிற நிகழ்ச்சியைப் பாருங்கள். பார்த்து முடித்ததும் படபடப்பும் தூக்கமின்மையும் தருவதை விட்டுவிடுங்கள். இரவு பத்து மணிக்குமேல் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு விளம்பர இடைவேளையிலும் எழுந்து வாசல்வரை நடந்து வாருங்கள், முழங்காலுக்கும் நல்லது.

போட்டியில் கலந்துகொள்ளும் ஆசை உங்களுக்கு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் தயங்காதீர்கள். ராதிகா சரத்குமார் நடத்திய ‘கோடீஸ்வரி’யில் 2020 ஜனவரியில் ஒரு கோடி ரூபாய் வென்றவர் உங்கள் பக்கத்து ஊரான மதுரைக்காரர். காது கேளாத, வாய் பேச இயலாத இளம்பெண். அந்த நாற்காலி யாருக்கு என்று முன்கூட்டி யாரும் முடிவு செய்துவிட முடியாது.

காது என்றதும் கடைசி விஷயத்துக்கு வருகிறேன். ஒலி குறைந்தால் ஆண்கள் பேசுவது புரிகிறது, பெண்கள் பேசுவது கலங்குகிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வயதால் வரும் கேட்புக் குறைவு இப்படித்தான் தொடங்கும். உயர்ந்த சுருதி முதலில் போகும். அதனால் பெண்கள், குழந்தைகளின் குரலும், ‘ச’ போன்ற மெல்லிய ஒலிகளும் மங்கும். பின்னணியில் இசையும் கைதட்டலும் சேர்ந்தால் இன்னும் சிரமம். நீங்கள் ஒலியைக் கூட்டியதும், மகன் எரிச்சலடைந்ததும் இதிலிருந்தே தொடங்கியிருக்கலாம். இதைக் கவனிக்காமல் விடக்கூடாது. ‘லான்செட்’ மருத்துவ இதழின் நிபுணர் குழு 2020-லும் 2024-லும் வெளியிட்ட அறிக்கைகளில், நடுவயதில் தொடங்கும் கேட்புக் குறைவை, மறதி நோய்க்கான, ஆனால் நாம் சரிசெய்யக்கூடிய காரணங்களில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறது.

உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். மகனையே அழைத்துப் போகச் சொல்லுங்கள். சில சமயம் காதில் அடைந்திருக்கும் குறும்பியை எடுத்ததுமே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இல்லையென்றால் கேட்புத் திறன் பரிசோதனை செய்வார்கள். வலியில்லாதது, ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒலி கேட்கும்போது பொத்தானை அழுத்துவதுதான் வேலை. கேட்புக் கருவி வேண்டும் என்று சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். முதல் சில வாரம் மின்விசிறிச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டு எரிச்சலாக இருக்கும். கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிடாமல் தினமும் கொஞ்ச நேரமாவது அணியுங்கள், பழகிவிடும். அதுவரை மகன் வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் டிவிக்கு ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பேரனோடு ஆடும்போது வேண்டாம், அவன் சொல்லும் பதிலும் உங்களுக்குக் கேட்க வேண்டும்.